எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் இல்லாதவன்

எங்கள் இரண்டாவது ஆல்பத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையை விரித்து நின்று ரீல்ஸ் எடுக்கிற கூட்டம் பின்னால் ஓடவிடுகிற பாட்டு எங்களுடையதுதான். இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. முப்பதாவது நொடியில் பல்லவி வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவீர்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆல்பத்தை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. என் அம்மாவே அதை முழுதாகக் கேட்டதில்லை.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். புரோக்ரஸிவ் ராக் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எப்படிப் பாப் பக்கம் வந்தீர்கள்? நான் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். எளிமை, ஜனங்கள், வளர்ச்சி என்று மூன்று நிமிடம் பேசுவேன். உண்மையான பதில் அதைவிட நீளம். அதில் நான் அயோக்கியன் என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் மூன்று பேர். கீபோர்டு வாசிக்கிற நான் நயினார்கோவில் பக்கத்து ஊர், மிளகாய் போடுகிற வீடு. கிட்டார் வாசித்துப் பாடுகிறவன் ராமநாதபுரத்து ஜவுளிக்கடைக்காரர் மகன். டிரம்ஸ் அடிக்கிறவன் தங்கச்சிமடம். அவன் அப்பாவுக்குச் சொந்தமான விசைப்படகில் வேலை. மூவரும் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. விடுதியில் ஒரு சீனியர் விட்டுப்போன ஹார்டு டிஸ்கில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடுகிற வெள்ளைக்காரப் பாட்டுகள் இருந்தன. அவற்றில் பல்லவி திரும்பி வராது. நான்கு தட்டில் ஆரம்பித்தது நடுவில் ஏழாகும், பதினொன்றாகும், பிறகு எல்லாம் நின்றுபோய் ஒற்றை மணி மட்டும் அடிக்கும். கேட்ட முதல் வாரமே, இதைக் கேட்காத அத்தனை பேரும் மடையர்கள் என்று முடிவுகட்டினோம். அந்த இசையில் எனக்குப் பிடித்திருந்ததே அந்த முடிவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் குழு வருடத்தில் இரண்டு மாதம்தான் முழுதாக இருக்கும். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால் டிரம்ஸ்காரனுக்கு வேலையில்லை. அதே சமயத்தில் எங்கள் அய்யா மிளகாயை விற்று முடித்திருப்பார். மூட்டை அடுக்குகிற கிட்டங்கி காலியாக இருக்கும், அங்கேதான் வாசிப்போம். மூட்டைதான் காலி, காரம் போகாது. அவன் பெரிய டிரம்மை ஒரு மிதி மிதித்தால் தரையிலிருந்து மிளகாய்த் தூசி எழும்பும், மூன்று பேரும் தும்முவோம். முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில், ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு தும்மல் இருக்கிறது. என்னுடையது. எந்த நாட்டுக்காரனோ ஒருவன் அதைத் துணிச்சலான உத்தி என்று இணையத்தில் எழுதியிருந்தான்.

ஏழு தட்டையும் பதினோரு தட்டையும் நானும் பாடகனும் எண்ணித்தான் வாசிப்போம். நான் கீபோர்டுக்கு அடியில் கால்விரலை மடக்கி எண்ணுவேன். டிரம்ஸ்காரன் எண்ண மாட்டான். எப்படிடா என்று ஒருமுறை கேட்டேன்.

"கடல்ல போட்டு ஆடுறத எண்ணிக்கிட்டா மாப்ள நிப்பாக? காலு தானா நிக்கும்" என்றான்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எட்டு வருடம் வாராவாரம் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பியானோ படித்தவன் நான். அவன் தங்கள் ஊர்ச் சர்ச்சில் பூசை இல்லாத நேரத்தில் சாவி வாங்கித் தானாக அடித்துப் பழகியவன். நான் வியர்த்துப்போய் எட்டிப் பிடிக்கிற இடத்தில் அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பொறாமை என்பதைத் தவிர இதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அவனுடைய ஊர்த் திருவிழாவில் ஒருமுறை எங்களுக்கு மேடை கொடுத்தார்கள். முதல் பாட்டுக்கு முன்னிசையே பன்னிரண்டு நிமிடம். அது பாதி போய்க்கொண்டிருக்கும்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "தம்பிகளா, மைக் செட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்பப் பாட ஆரம்பிப்பீக?" என்று கேட்டார். டிரம்ஸ்காரன் கையை நிறுத்தாமலே விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பாடகன் சிரிக்கவில்லை. எங்கள் பாப் ஆல்பத்துக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

முதல் ஆல்பத்தைக் கிட்டங்கியிலேயே இரண்டே மைக்கை வைத்துப் பதிவு செய்தோம். கீபோர்டும் கிட்டாரும் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போனதால் தப்பித்தன. டிரம்ஸ் மட்டும் அடுத்த தெருவில் யாரோ மெத்தை அடிக்கிற மாதிரி கேட்டது. தகரக் கூரை அந்தச் சத்தத்தை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துக் குட்டிச்சுவராக்கியது. அவன் கோபப்படவில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். "ஒரே ஒரு வாட்டி ஒழுங்கான ஸ்டுடியோல என் அடி பதியணும் மாப்ள. நான் என்னதான் அடிக்கிறேன்னு நான் வெளிய இருந்து கேக்கணும்" என்பான். அடிக்கிறவனுக்குத் தன் அடி முழுதாகக் கேட்காது, கையும் காலும் வேலையில் இருக்கும் என்பான். சலிக்கிற அளவுக்கு இதைச் சொல்லியிருக்கிறான்.

பிறகு சென்னையில் பாட்டு வெளியிடுகிற ஒருவரைப் பாடகன் எங்கேயோ பிடித்தான். அவர் முதல் ஆல்பத்தில் இரண்டு நிமிடம் கேட்டாராம். குரல் நன்றாக இருக்கிறது, கீபோர்டு பரவாயில்லை, எல்லாவற்றையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்கினால் வெளியிடலாம் என்றாராம். டிரம்ஸ் வேண்டாம், லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம், அதுதான் இப்போதைய சத்தம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் பாப்பைத் திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். திட்ட முடியாது. அந்தச் சின்னப் பாட்டுகளைப் போட ஆரம்பித்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கால்விரலை மடக்க வேண்டியதில்லை. நான்கு தட்டு, நான்கு கட்டை, எல்லோருக்கும் புரிகிறது. இத்தனை வருடம் நீளநீளமாக வாசித்ததில் பாதி வெறும் பீற்றல் என்று எனக்கும் பாடகனுக்கும் உள்ளுக்குள் தெரியும். எங்கள் மூவரில் அந்த நீளம் உண்மையாகவே தேவைப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

அந்தத் தடைக்காலத்தில் அவன் வழக்கம்போல வந்தான். சின்னப் பாட்டுகளுக்கும் குறையில்லாமல் அடித்தான். லேப்டாப் விஷயத்தை அவனிடம் யார் சொல்வது என்பதுதான் கேள்வி. நீ சொல்லு என்று பாடகன் சொல்வான். நீதான் அவனுக்கு நெருக்கம், நீ சொல்லு என்று நான் சொல்வேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் பாடகன் வாயைத் திறந்தபோது நேர் எதிராக ஒன்று சொன்னான்.

"எட்டுச் சின்னப் பாட்டு மாப்ள. கடைசில ஒண்ணு மட்டும் பெருசு. பதினாலு நிமிசம். அது உனக்காக. மதுரைல ஸ்டுடியோல வச்சு எடுக்கிறோம்."

பாடகனுக்கு அப்படிச் சொல்லும் உத்தேசமே இல்லை என்பது எனக்குத் தெரியும். டிரம்ஸ்காரன் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் வந்த வார்த்தை அது. டிரம்ஸ்காரன் எழுந்து வந்து இருவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையில் டீசல் வாடை அடித்தது. அந்தப் பதினான்கு நிமிடப் பாட்டை நான்கே நாளில் மூன்று பேரும் சேர்ந்து போட்டோம். நாங்கள் போட்டதிலேயே ஆகச் சிறந்த பாட்டு அதுதான். ஆல்பத்தில் அது வராது என்று தெரிந்தே நானும் வாசித்தேன்.

தடைக்காலம் முடிந்த பிறகு வருகிற மாதிரி பதிவுக்கு நாள் குறித்தோம். இங்கேதான் எங்கள் மூளை வேலை செய்தது. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை மீன்துறையில் டோக்கன் வாங்கிப் போனால் ஞாயிறு காலையில்தான் திரும்புவார்கள். அவன் அப்பாவுக்கு அப்போது கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தது. படகு அவன் பொறுப்பில். ஒரு நாள் போகாமல் நின்றால், கூட வருகிற நான்கு பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே சனிக்கிழமை என்று குறித்தோம். வேறு நாளில் ஸ்டுடியோ கிடைக்கவில்லை என்று பாடகன் போனில் சொன்னான். "ஞாயித்துக்கிழமை தரமாட்டாகளா? கேட்டுப் பாருங்கப்பா" என்று அவன் கெஞ்சியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கேட்டுப் பார்த்தோம், இல்லை என்றோம். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. பழியும் எங்கள் மேல் விழாது. கூப்பிட்டோம், அவனால் வர முடியவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் உள்நாட்டுக்காரர்கள். கடல் நாள் எது என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த நாளை நம்பி ஒரு காரியம் செய்யக்கூடாது என்பது தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லை தாண்டியதாகச் சொல்லி ஒரு படகையும் அதிலிருந்தவர்களையும் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மீனவர் சங்கம் கூடி மறுநாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டது. தீவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் அன்று முழுக்க மழை வருமா என்றுதான் பேசினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டுடியோ கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். தோளில், பழைய வலைத்துண்டில் சுற்றிய, டிரம்ஸோடு அடிக்கிற பித்தளைத் தட்டுகள். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

"போட்டு போகல மாப்ள, ஸ்ட்ரைக்கு! நாலு பேரப் பிடிச்சுட்டுப் போய்ட்டாய்ங்க, பாவம். எனக்கு மட்டும் ஆண்டவர் லீவு குடுத்திட்டாரு." சொன்ன கையோடு, அடுத்தவன் கஷ்டத்தில் சந்தோஷப்பட்டதற்காக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

எங்கள் லேப்டாப் டிரம்ஸ் அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. பாடகன் பட்டென்று நிறுத்தினான். "இது சும்மா அளவுக்குப் போட்டது" என்றான். டிரம்ஸ்காரன் சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறைக்குள் போய்விட்டான். அங்கே ஸ்டுடியோவுக்குச் சொந்தமான டிரம்ஸ் இருந்தது. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்தான். தோலைத் தொட்டுப் பார்த்தான். அவன் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சவுண்ட் இன்ஜினியர் எங்களிடம் எந்த டிராக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"எடுக்க வேணாம்ண்ணே. மைக்க மட்டும் வைங்க. செவப்பு லைட்டப் போடுங்க. அடிச்சுட்டுப் போயிருவான்" என்றான் பாடகன்.

அவர் என்னைப் பார்த்தார். எதற்காக எடுக்கக்கூடாது என்று பாடகன் என்னிடம் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்தால் அது இருக்கும். இருந்தால் அவன் கேட்பான். கேட்டால் ஆல்பத்தில் போடச் சொல்லுவான், நம்மால் மறுக்க முடியாமல் போகும். எனக்கு எல்லாம் விளங்கியது. நான் இன்ஜினியரிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் எட்டு மைக்குகளை வைத்தார். ஒவ்வொரு மைக்கையும் எங்கே வைப்பது என்று அவன் அவரோடு ஆலோசனை செய்தான். கிட்டங்கியில் நாங்கள் வாசித்து வைத்திருந்த கீபோர்டும் கிட்டாரும் அவன் ஹெட்போனில் ஓடின. பதிவாகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் பதினான்கு நிமிடத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அத்தனை வருடமும் தகரக் கூரைக்கு அடியில் நான் அவனைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. ஏழிலிருந்து பதினொன்றுக்குப் போகிற இடத்தில், நாங்கள் இருவரும் எப்போதும் தடுக்கி விழுகிற இடத்தில், அவன் ஒரு தட்டை வேண்டுமென்றே விட்டான். அந்தக் காலியிடத்தில் எங்கள் வாசிப்பு எல்லாம் தானாக வந்து ஒழுங்காக உட்கார்ந்தது. எங்கள் தப்புகளைக்கூட அவன் பாட்டாக்கிக்கொண்டிருந்தான். எட்டாவது நிமிடம்போல, இன்ஜினியரின் கை தானாக மவுஸ் பக்கம் போனது. பாடகன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே வார்த்தை போதும், மீதி ஆறு நிமிடமாவது மிஞ்சியிருக்கும். நான் டீயைக் குடித்தேன்.

முடிந்ததும் அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தி, எப்படி என்று கேட்டான். பாடகன் போனைப் பார்த்தான். நான் பேசுகிற பொத்தானை அழுத்தினேன்.

"நாலாவது நிமிசத்துல லேசா இழுக்குது மாப்ள. இன்னொரு வாட்டி போயிரலாம்."

இழுக்கவில்லை, தாளம் எங்கேயும் பின்தங்கவில்லை. நாலாவது நிமிடத்தில் ஒரு குறையும் இல்லை.

அவன் ஒரு கணம் யோசித்தான். "ஆமால்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றான். சட்டையைக் கழற்றினான், பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான், மறுபடி உட்கார்ந்து பதினான்கு நிமிடமும் அடித்தான்.

வெளியே வந்ததும் கேட்க வேண்டும் என்றான். மிக்ஸ் பண்ணாமல் கேட்டால் நன்றாக இருக்காது, முடித்துவிட்டு அனுப்புகிறோம் என்று பாடகன் சொன்னான். அதையும் நம்பினான். இன்ஜினியரிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அவர் தலை நிமிரவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்களை விட்டுவிட்டால் திங்கட்கிழமை படகு போகும் என்று மதியச் சாப்பாட்டோடு பஸ் ஏறிவிட்டான்.

ஆல்பம் எட்டுப் பாட்டோடு வெளிவந்தது. மற்றதுதான் உங்களுக்கே தெரியுமே. தனுஷ்கோடிக்குப் போகிற ஒவ்வொரு வேனிலும் எங்கள் பாட்டு. அவன் ஊர்த் திருவிழாவிலேயே பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள் என்று வீடியோ வந்தது. அவனிடமிருந்து போன் வரவில்லை. நாங்களும் போடவில்லை. வெளிவந்த அன்று பாடகன் அவனுக்கு ஒரு இதயப் படம் அனுப்பினானாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த தடைக்காலத்தில் ஒருநாள் காலை டிரம்ஸ்காரன் பைக்கில் எங்கள் ஊருக்கு வந்தான். நான் கிட்டங்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றான்.

"பாட்டு நல்லாருக்கு மாப்ள. எங்க தெருப் பயலுக பூரா அதத்தான் போடுறாய்ங்க" என்றான்.

"உள்ள வா" என்றேன்.

"இல்ல, போகணும். எனக்குக் கோவம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்ப இல்ல. உங்களுக்கு அது வேணும்னா அதப் பண்ணுங்க. அன்னைக்கு நான் அடிச்சத மட்டும் இதுல போட்டுக் குடு. யாருக்கும் காட்ட மாட்டேன். நான் கேக்கணும், அவ்வளவுதான். அப்பாவும் கேக்கணும்ங்கிறாரு." சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

ஹார்டு டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்ற பொய்யை மாதக்கணக்காகத் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் வந்து சண்டை போடாமல் இத்தனை மரியாதையாக நிற்கிறானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நான் தப்பு செய்த இடத்தில் அவன் நல்லவனாக நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"அது இல்ல" என்றேன்.

"அழிச்சிட்டீகளா?"

"அழிக்கல. எடுக்கவே இல்ல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அன்றைய நாளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. "அப்ப அந்த லைட்டு?" என்றான். சும்மா போட்டது என்றேன். "அந்த இன்ஜினியர் அண்ணனுக்கும் தெரியுமா?" தெரியும் என்றேன். பென் டிரைவ் நீட்டிய கையிலேயே இருந்தது.

"அப்புறம் எதுக்குலே இன்னொரு வாட்டி அடிக்கச் சொன்ன?"

எனக்குப் பதில் தெரியும். முதல் தடவை அவன் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. ஒன்றாவது செய்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும், இவன் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொள்ளலாம் என்றுதான் மறுபடி அடிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அவன் செய்யவில்லை.

"தெரியல" என்றேன்.

அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்தான்.

"இழுக்குதுன்னு சொன்னேல்ல. வருசம் பூரா அதத்தான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்லே. போட்டுல நிக்கும்போது தொடையில தட்டித் தட்டி, அந்த நாலாவது நிமிசத்த. இன்னும் வரல" என்றான்.

அது இழுக்கவே இல்லை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.